சூடு பட்ட காந்தங்கள்

காந்தம் இரும்பை மட்டும்தான் இழுக்கும். காந்தக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையோ ஊரில் இருக்கிற பழியை எல்லாம் இழுக்கும். விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே ஒன்பது வருஷமாக அந்த வேலையைப் பார்க்கிறேன். நாங்கள் செய்வது நியோடிமியம் என்கிற அரிய மண் உலோகம் கலந்த காந்தம். சுண்டுவிரல் நகம் அளவு வில்லைகூடச் சுத்தியலைத் தூக்கிவிடும். மேலே முதலாளி, எதிரே வாடிக்கையாளர், நடுவில் கையெழுத்துப் போட நீங்கள் என்று எங்கேயாவது மாட்டிக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

தானே எரிகிற பொடி

எங்கள் ஃபோர்மேன் கருப்பசாமி அண்ணன் முன்பு எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆலையில் இருந்தவர். "நெருப்பு இல்லாத வேலைக்குப் போனால்தான் சோறு" என்று மதினி பிடிவாதமாக நின்றதால் எங்களிடம் வந்தார்.

உலோகக் கலவையை முகப்பவுடரைவிட மெல்லிசாக அரைப்போம். அந்தப் பொடியைக் காற்றுப் படாமல் நைட்ரஜனுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். காற்றுப் பட்டால் காந்தத்தின் சக்தி போகும். ரொம்பப் பட்டால் பற்றிக்கொள்ளும். வந்த முதல் வாரமே, உள்ளே என்ன இருக்கிறது என்று அண்ணன் டப்பாவைத் திறந்துவிட்டார். மேசையில் சிந்திய ஒரு சிட்டிகை தானாகவே சிவந்து கனன்றது. பத்தடி பின்னால் போய் நின்று சொன்னார்: "ஏம்மா, அங்கன பத்த வைக்கத் தீக்குச்சியாவது வேணும். இங்கன மூடியத் திறந்தாலே போதுமா?"

திசை தெரியாத வில்லைகள்

பொடியை அச்சில் அழுத்தும்போது சுற்றிலும் இருக்கும் காயில் என்கிற கம்பிச் சுருளில் கரண்ட் ஓட விடுவோம். பொடியின் துகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நிற்கும். அந்த நிலையில் அழுத்தினால்தான் முழு சக்தி வரும்.

டைரி சீசனில் காயில் கருகிவிட்டது. சிவகாசி அச்சகம் ஒன்று டைரி மூடி ஒட்டி நிற்பதற்குக் காந்த வில்லைகள் கேட்டு அவசரப்படுத்தியது. முதலாளி காயில் இல்லாமலேயே அழுத்தச் சொன்னார். அதே அளவு, அதே பளபளப்பு. மீட்டர் வைத்தேன், பாதிதான் காட்டியது. நான் கையெழுத்துப் போடவில்லை. "பார்க்க ஒண்ணாத்தானம்மா இருக்கு?" என்று அவரே போட்டு அனுப்பினார். பத்தாம் நாள் அச்சக உரிமையாளர் நேரில் வந்தார். முதலாளி அரை மணி நேரம் விளக்கம் சொன்னார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்: "உங்க வில்லையால டைரியும் வாய மூட மாட்டேங்குது, உங்க முதலாளியும் மூட மாட்டேங்கிறாரு."

பெருந்தீ

அழுத்தின கட்டியை உலையில் சுட வேண்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் உள்ளே இருக்கும் உலோக மணிகள் பெருத்துவிடும். பெருத்த மணிக் காந்தம் ஆறியிருக்கும்போது சூரன். லேசாகச் சூடேறினால் சரணாகதி.

"தீயக் கூட்டி வச்சா சீக்கிரம் வேகும்" என்று முதலாளி உலையை ஏற்றிவிட்டார். அது பம்பு மோட்டாருக்குப் போகவேண்டிய லோடு. மோட்டார் ஓடினால் சூடாகும் அல்லவா? அந்த அளவுக்குச் சூடாக்கி அளந்தேன். சக்தியில் பெரும்பகுதி போயிருந்தது. முழு லோடையும் நிறுத்தினேன். முதலாளி உண்மையாகவே வருத்தப்பட்டார்: "நீங்க ஏம்மா சூடு பண்ணிப் பாத்தீக? பண்ணாம இருந்தா அது நல்ல காந்தம்தான?"

வெல்டிங் வைத்த தண்டு

பட்டாசு ஆலைகளில் ரசாயனத்தைச் சலிக்கும்போது இரும்புத் துணுக்கைப் பிடிக்க எங்கள் காந்தத் தண்டுகளை வைப்பார்கள். ஒரு கம்பித் துண்டு மருந்தோடு உரசினாலும் பொறி பறக்கும். ஓர் ஆலையிலிருந்து, "தண்டு இழுக்கல" என்று புகார். கருப்பசாமி அண்ணனும் நானும் போனோம்.

தண்டைப் பிடித்திருக்கும் தாங்கி கழன்றதாம், பட்டறையில் கொடுத்துத் தண்டிலேயே வெல்டிங் வைத்திருந்தார்கள். நடுவில் கருகியிருந்தது. குண்டூசியை ஒட்ட வைத்தேன், கீழே விழுந்தது. ஏற்கெனவே சலித்து வைத்திருந்த ரசாயனத்தை எங்கள் புதுத் தண்டால் துழாவினேன். இரண்டு கம்பித் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தன.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. நேராகக் கலவை அறை வாசலுக்குப் போய், "எல்லாரும் வெளிய வாங்கத்தா" என்றார். உள்ளே இருந்த நாலு பெண்களும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மேனேஜர் ஓடிவந்து கத்தினார். "வேலையை நிறுத்த மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, போயிடுறோம்" என்றேன். பேனாவை எடுத்தார். கம்பித் துணுக்குகளைப் பார்த்தார். மறுபடி பையில் செருகிக்கொண்டார்.

எல்லாவற்றையும் திரும்பச் சலிக்க இரண்டு நாள் ஆனது. "லோடு லேட்டாச்சு, காரணம்னு யார் பேர எழுதுறது?" என்று மேனேஜர் அலுத்துக்கொண்டபோது, அந்த நாலு பேரில் ஒருத்தி சொன்னாள்: "எங்க பேர எழுதிக்கோங்க சார், உசுரோடதான இருக்கோம்."

காந்தம் கெடக் காற்று, சூடு, அவசரம் என்று மூன்று காரணங்கள் உண்டு. முதல் இரண்டையும் அளக்க எங்களிடம் மீட்டர் இருக்கிறது, மூன்றாவதற்கு இருப்பவர் முதலாளி.