துரை தாய்மாமன் ஆன கதை

அந்தத் துரைசானி ஒரு குறிப்பேடு வைத்திருந்தாள். கப்பலிலிருந்து இறங்கி எங்கள் ஊரில் கால் வைத்த நாள் முதல், கண்ணில் பட்ட மனிதரையெல்லாம் அதில் எழுதிக்கொண்டே இருந்தாள். உலாந்தா என்கிற ஹாலந்து தேசத்தில் எவர் வீட்டு அலமாரியிலாவது அது இன்னும் கிடக்குமானால், பழவேற்காட்டு ஜனங்களைப் பற்றி அதில் உள்ளதில் பாதி பொய். அந்தப் பாதியைச் சொன்ன மகாபாவி நான்தான்.

நான் அப்போது கோட்டையில் துபாஷி. துரைமார் பேசுவதைத் தமிழிலும், ஜனங்கள் பேசுவதை உலாந்தா பாஷையிலும் மாற்றிச் சொல்வது என் பிழைப்பு. சொன்னதைச் சொன்னபடியே மாற்றியிருந்தால் ஊரில் தினம் ஒரு அடிதடி நடந்திருக்கும். துரை ஒருவனைச் சோம்பேறிப் பயல் என்பார். 'களைப்பாக இருக்கிறாயா என்று விசாரிக்கிறார்' என்பேன். மீன்காரி துரையின் மூஞ்சியைப் பற்றி ஏதாவது சொல்வாள். 'தங்கள் முகம் களையாக இருக்கிறதாம்' என்பேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு போவார்கள். எனக்கு நாக்கு மட்டும் வலிக்கும்.

இந்தத் துரையும் துரைசானியும் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். அடுத்த கப்பல் வரும்வரை மூன்று மாதம் எங்கள் ஊரில் தங்க வேண்டியதாயிற்று. துரை நல்ல மனுஷன். பத்தே நாளில் வெந்த நண்டு நிறத்துக்கு வந்துவிட்டார், அதற்கும் கோபப்படவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "கோட்டைக்குள்ளேயே இருந்துவிட்டு, இந்த ஊர் மனிதர்களைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? ஏரிக்குப் போக வேண்டும். ஒரு தோணி பிடி" என்றார்.

கார்த்திகை மாதம். மழை பெய்து முகத்துவாரம் திறந்து, ஏரியில் இறால் ஏறிக்கொண்டிருந்த சமயம். கரையில் முதலில் கண்ணில் பட்ட தோணிக்காரனிடம் வா என்றேன். 'முடியாது' என்கிற வார்த்தையே வராத சாது அவன். தலையை ஆட்டிவிட்டான். நானும் யோசிக்காமல் துரையையும் துரைசானியையும் தோணியில் ஏற்றி உட்காரவைத்துவிட்டேன். அப்புறம் அவன் பெண்சாதி வந்தாள், இடுப்பில் மூன்று வயசுப் பெண் குழந்தையோடு.

"இன்னா துபாசி, கண்ணு அவிஞ்சா பூட்ச்சி? இன்னிக்கி எங்க பாடுனு தெரியாது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏரியில் இஷ்டப்பட்ட இடத்தில் இஷ்டப்பட்டவன் வலை போட முடியாது. சீட்டுப் போட்டு, இந்த வீட்டுக்கு இந்த நாள், இந்த இடம் என்று பிரித்திருப்பார்கள். அதுதான் பாடு. முறைக்காரன் அன்று வலையோடு அங்கே நிற்காவிட்டால் அடுத்த முறைக்காரன் இறங்கிக்கொள்வான். விட்ட முறை மறுசுற்றில்தான். நான் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். இது தெரியாது என்று சொல்லவும் வழியில்லை.

"இந்தப் பாட்டுல வர்ற எறாவ வெச்சித்தான் இவளுக்குக் காது குத்தணும். ஒத்த வயசுப் புள்ளைங்கள்லாம் காதுல போட்டுக்கினு திரியுதுங்க. இவ மட்டும் மூளிக் காதோட கீறா. நீ இன்னாடான்னா துரைக்கு ஏரி காட்ட வந்துட்ட."

துரை, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். துரையை இறங்கச் சொன்னால் என் வேலை போகும். இறக்காவிட்டால் பிள்ளைக்குக் காது குத்து போகும். நான் ஒரு வழக்கத்தை அங்கேயே பிறப்பித்தேன்.

"புதுத் தம்பதி முதல்முதலாக ஏரியில் இறங்கினால், தோணிக்காரன் குடும்பத்தோடு சேர்ந்து ஒரு வலை இழுக்க வேண்டுமாம். ஊர் வழக்கம். மறுத்தால் இவர்களுக்குப் பெரிய அவமானம்."

துரையின் முகம் மலர்ந்துவிட்டது. துரைசானி அதை மெதுவாக இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

பாடு விழுந்த இடத்துக்குப் போய் இறங்கினோம். தண்ணீர் தொடை வரைதான், சேறோ முழங்கால் வரை. துரையின் ஒரு பூட்ஸைச் சேறு வாங்கிக்கொண்டது. இன்னொன்றை அவரே கழற்றித் தோணிக்குள் எறிந்துவிட்டு வலையைப் பிடித்தார். துரைசானி பாவாடையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தாள். தோணியிலிருந்த குழந்தை கைதட்டிச் சிரித்தது. தோணிக்காரன் மட்டும் வெட்கத்தில் நிமிரவே இல்லை.

பக்கத்தில் தோணியை நிறுத்திக்கொண்டு, எப்போது இவர்கள் தவறுவார்கள் என்று காத்திருந்தான் அடுத்த முறைக்காரன். வயிற்றெரிச்சல் பிடித்தவன்.

"வெளியாளு கை பட்ட வலைக்குப் பாடு இல்ல. பங்காளி கை வோணும், இல்லாங்காட்டி மச்சான் கை வோணும். ஏறு ஏறு, நான் எறங்குறேன்" என்றான்.

சட்டம் அதுதான். நான் வாயைத் திறந்தேன், பொய் எதுவும் வரவில்லை. தோணிக்காரன் பெண்சாதிக்கு வந்தது.

"யாருடா வெளியாளு? அவரு என் அண்ணன்."

அவன் துரையின் செம்பட்டைத் தலையைப் பார்த்தான். அவளுடைய கன்னங்கரிய முகத்தைப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான். "துபாசி, நெசமாவா?"

"உறவு முறைப்படி ஆமாம்" என்றேன். எனக்கே என்ன அர்த்தம் என்று தெரியாது.

அவள் அதற்குள் கஞ்சிச் சட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்து, "துண்ணு அண்ணே" என்று துரையின் கையில் வைத்தாள். துரை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். தங்கை கைச் சோற்றைத் தின்றவனை வெளியாள் என்று எவன் சொல்வது? ஆனால் அடுத்த முறைக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை.

"சரி, அண்ணன்னா அண்ணனாவே இருக்கட்டும். அப்போ புள்ளைக்குத் தாய்மாமனாச்சே? வர்ற வெள்ளிக்கெழம மடியில உக்கார வெச்சிக் காது குத்தச் சொல்லு. குத்தலைனா இன்னிக்கி எறாவெல்லாம் ஊர்ப் பொதுவுக்கு."

"குத்துவாரு" என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டே.

துரை என்ன பேச்சு என்று கேட்டார். "தாங்கள் வலை இழுக்கும் லாவகத்தைப் புகழ்கிறார்கள்" என்றேன். வலை நிறைய இறால்.

வெள்ளிக்கிழமை காலை மேளத்தோடு ஊரே கோட்டை வாசலுக்கு வந்துவிட்டது. ஆசாரி ஊசியோடு வந்திருந்தார். பொய் வெளிப்பட்டால் வேலையோடு முதுகுத் தோலும் போகும். வலை இழுத்தவர் மடியில் வைத்து அந்த வீட்டுப் பிள்ளைக்குக் காது குத்துவதும் வழக்கம்தான் என்று துரையிடம் ஒரு போடு போட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. பாயில் வந்து உட்கார்ந்தார். கால் மடங்கவில்லை, இரண்டு பேர் பிடித்து மடக்கிவிட்டோம். ஊசி பட்டதும் குழந்தை வீரிட்டு, துரையின் மடியை நனைத்துவிட்டது. ஊர் சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகத் துரை சிரித்தார். அடுத்த முறைக்காரன், "மாமன்தான்யா" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனான். தப்பித்தோம் என்று எனக்கு உயிர் வந்தது.

துரை நனைந்த மடியோடு என் பக்கம் திரும்பி, "குழந்தையின் தாய் என்னை ஏதோ சொல்லிக் கூப்பிடுகிறாளே, என்ன அது?" என்றார்.

சந்தோஷத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அண்ணன் என்கிறாள்."

"அவளுக்குச் சொந்த அண்ணன் இல்லையா? கேள்" என்றார்.

கேட்டேன்.

"இருந்தான். பஞ்சத்துல எங்க நைனா அவனக் கப்பல்காரங்ககிட்ட குடுத்துட்டு ஒரு மூட்ட அரிசி வாங்கினு வந்தாரு. அத்தத் துண்ணுதான் நான் உசுரோட கீறேன்" என்றாள். பிறகு துரையைக் காட்டி, "இவுரு அந்த மாதிரிக் கப்பல்ல வந்தவருதானே? அவன எங்க எறக்குனாங்கனு இவுருக்குத் தெரிஞ்சிருக்கும். கேட்டுச் சொல்லு துபாசி" என்றாள்.

ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம், கோட்டையே கதி என்று கிடந்த எனக்குத்தான் தெரியாது. எத்தனையோ பொய் சொன்ன எனக்கு அன்றைக்கு உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"கடலுக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை என்கிறாள்" என்றேன் துரையிடம்.

"கடல் அப்படித்தான்" என்று சொல்லிக் குழந்தையின் தலையைத் தடவினார்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் அவள்.

"விசாரிக்கிறேன் என்கிறார்."

அவள் அப்படியே தரையில் விழுந்து துரையைக் கும்பிட்டாள். அவர் பதறி எழுந்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் துரையும் துரைசானியும் கப்பலேறிப் போனார்கள். அதற்குப் பிறகு, கப்பல் நங்கூரம் போட்ட நாளெல்லாம் அவள் ஒரு கூடை இறாலோடு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். "அண்ணங்கிட்டேர்ந்து சேதி வந்துச்சா?" என்பாள். எந்த அண்ணன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த கப்பலில் வரும் என்று சொல்லி அனுப்புவேன்.