ஒன்னாம் நாள் பாட்டு

இந்த ஊரில் பிறந்தநாளுக்கு முன்னாடியே வாழ்த்துச் சொல்லக் கூடாது. ஒரு மணி நேரம் முன்னாடிகூடக் கூடாது. வந்து இறங்கியபோது விசாத் தாள், காப்பீட்டுத் தாள், எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்ற தாள் எல்லாம் கொடுத்தார்கள். இதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. நம்ம தேனிப் பக்கம் ‘அட்வான்ஸ் ஹேப்பி பர்த்டே’ சொல்லாத ஆள் உண்டா? முதல் நாளே சொல்லிவிட்டு, மறுநாள் மறந்தே போனாலும் நல்ல பேர்தான்.

ஜெர்மனியில், மோசல் ஆற்றோரம் ஒரு சிற்றூரின் முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். பிரிகிட்டே என் சிநேகிதி. என் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரித்தபடியே, தப்பாகப் பேசினால் திட்டித் திட்டி என்னை ஜெர்மன் பேச வைத்தவள். போன பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, “சனிக்கிழமை உனக்கு அறுபதாமே! இந்தா, இப்பவே பிடி வாழ்த்தை” என்று அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் முகம் வெளுத்துப்போனது. கத்தியைக் கீழே வைத்தாள், மர மேசையை விரல் முட்டியால் மூன்று தடவை தட்டினாள், வெளியே போய்விட்டாள்.

தலைமைச் சமையற்காரர் ஊவே தலையில் கை வைத்தார். முன்கூட்டி வாழ்த்தினால் அந்த நாளே வராமல் போகும் என்று இங்கே ஒரு பயம் உண்டாம், மரத்தைத் தட்டினால் அது கழியுமாம். அதிலும் பிரிகிட்டேக்கு அதற்கு முந்தின வருஷம்தான் வயிற்றில் கட்டி எடுத்திருந்தார்கள். அறுபதைப் பார்ப்பாளா என்று டாக்டருக்கே தெரியாமல் இருந்த நேரம் அது. எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்கு ரசம் கொண்டுபோனவளே நான்தான். தெரிந்திருந்தும் வாய் முந்திக்கொண்டது. பாழாய்ப்போன வாய்!

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. உப்பைக்கூட ஊவேயிடம் சொல்லி வாங்கினாள். பதினோரு வருஷத்தில் இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே ஆளை ஒரு வாழ்த்தில் தொலைத்துவிட்டேனே என்று பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். புதன்கிழமை ஊவே ஒரு தாளை நீட்டினார். ஐம்பது, அறுபது என்று பத்துப் பத்தாய் வரும் பிறந்தநாளுக்கு, எல்லாருக்கும் தெரிந்த ஒரு மெட்டில் ஆளுக்கொரு சரணம் எழுதிச் சேர்ந்து பாடுவது இங்கே வழக்கம். “நீயும் ஒன்று எழுது. சரிக்கட்ட வேறு வழி இல்லை” என்றார்.

பாட்டு என்றதும் எனக்குக் கை துறுதுறுத்துவிட்டது. கம்பம் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் புதுப் பாட்டு வேண்டும். கல்யாணம் ஆகும்வரை அது என் பொறுப்பு. பத்துப் பாத்திரம் கழுவுகிறபோது பல்லவி வரும், தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோகும் வழியில் சரணம் வரும். தேர் கிளம்பும்போது மைக்செட்டில் என் வரியை ஊரே திருப்பிப் பாடும். அப்போது வரும் பெருமையை மறைக்க முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வேன். விமானம் ஏறிய பிறகு ஒரு வரி எழுதவில்லை. என்னவோ, வரவில்லை.

அன்று வந்தது. முல்லையாத்துத் தண்ணியும் போச்சு, மோசல் ஆத்துத் தண்ணியும் போச்சு, என் வயசும் உன் வயசும் எங்கே போச்சு என்று எட்டு வரி. எழுதி முடித்து எனக்கே கண் கலங்கிவிட்டது. உடனே ஊருக்குப் போன் போட்டு, திராட்சைத் தோட்டம் பார்க்கும் என் தம்பி சவரிக்குப் பாடிக் காட்டினேன். முழுசாகக் கேட்டான்.

“யக்கா, யாரு செத்தாக?”

“ஏலே, பிறந்தநாள் பாட்டுடா.”

“ஒப்பாரியால்ல இருக்கு. பொழைச்சு வந்த பொம்பளைகிட்டப் போயி வயசு போச்சு வயசு போச்சுன்னு பாடுவியா? போனை வையி. இங்கன இன்னைக்கு முப்பத்திரெண்டாம் நாளு. பூ நிக்கிது, மருந்தடிக்கணும்.”

முப்பத்திரெண்டாம் நாள். அவனிடம் கிழமை கேட்டால் யோசிப்பான், நாளைக் கேட்டால் யோசிக்க மாட்டான். எங்கள் பள்ளத்தாக்கில் கவாத்து வெட்டிய அன்று பந்தலைப் பார்த்தால் வயிறு எரியும், மொட்டைக் குச்சியாய் நிற்கும். ஆனால் அன்றுதான் ஒன்னாம் நாள். அதிலிருந்து நூத்தியிருவது எண்ணினால் பழம். கொடிக்கு இருபது வயசா முப்பது வயசா என்று ஒருத்தரும் கேட்பதில்லை, எத்தனாம் நாள் என்றுதான் கேட்பார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். மோசல் சரிவிலும் ஆட்கள் கத்தரியோடு நின்று கொடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் துள்ளிக் குதித்தேன். கீழ்வீட்டில் இருந்தவர் துடைப்பக் கட்டையால் மேலே இடித்தார். இடிக்கட்டும்!

வெட்டுன கொடியப் பாத்து
பட்டுச்சுன்னு சொல்லாதே,
வெட்டுன நாளே ஒன்னாம் நாளு,
விட்டதை எண்ணி நிக்காதே.
அறுவதை மூட்டை கட்டி
ஆத்தோரம் வச்சிட்டு வா,
அரும்பெடுக்கப் போற கொடி நீ
ஆட்டம் போட எந்திரிச்சு வா.

ஜெர்மனில் மாற்றும்போது எதுகை மோனையெல்லாம் ஆற்றோடு போய்விட்டது. ஒன்னாம் நாள் என்றால் இங்கே புரியாதே என்று, வெட்டிய நாளிலிருந்து நூற்றிருபது எண்ணும் எங்கள் ஊர்க் கணக்கையும் தாளின் அடியில் எழுதி வைத்தேன். ஊவே வாசித்துவிட்டு, “ஆபரேஷன் ஆனவளிடம் வெட்டுவதைப் பற்றியா பாடப்போகிறாய்?” என்றார். ஆனாலும் மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் எல்லாரும் தாளைப் பிடித்துக்கொண்டு நின்று பாடினார்கள். மற்ற சரணங்களில் அவள் கார் ஓட்டும் அழகும், கருகவிட்ட கேக்கும் வந்தன. சிரித்துக்கொண்டிருந்தாள். என்னுடையது வந்ததும் சிரிப்பு நின்றது. பாட்டு முடிந்தது. அவள் எழுந்து நேரே என்னிடம் வந்தாள்.

“நூற்றிருபதாம் நாள் என்ன கிடைக்கும்?”

“பழம்.”

“உறுதியாகவா?”

“எங்கள் ஊரில் உறுதி” என்றேன்.

கையைப் பிடித்து நடுமண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு வால்ஸ் ஆட்டம் தெரியும், எனக்குக் கும்மி தெரியும். இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஊவே படம் எடுத்து வைத்திருக்கிறார், இன்னும் அழிக்க மாட்டேன் என்கிறார்.

மறுநாள் காலை சமையலறைக்குள் நுழைந்தவள் வணக்கம் சொல்லவில்லை. “இரண்டு” என்றாள். அடுத்த நாள் “மூன்று.” ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த அன்று “நாற்பத்தொன்று” என்று கத்திக்கொண்டே வந்தாள், எல்லாம் சுத்தமாம். நான் நாள்காட்டியில் அவள் எண்ணைப் பச்சை மையிலும் சவரியின் எண்ணைச் சிவப்பு மையிலும் குறித்து வந்தேன். மே மாசம் சவரி பழம் இறக்கினான். ஜூன் மாசம் மறுபடி கவாத்து வெட்டி முடித்த அன்றைக்குப் போன் போட்டான். “யக்கா, இங்கன ஒன்னாம் நாளு. ஆமா, ஒனக்கு எத்தனாம் நாளு?” என்னை எந்த ஊரில் வெட்டியதிலிருந்து எண்ணுவது?

அன்று பிரிகிட்டேக்கு நூற்றுப்பத்தொன்பது. மறுநாள் எனக்கு ஐம்பது. வேலை முடியும் நேரம் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தை மறைத்துக்கொண்டு வந்தாள், கடையில் வாங்கிய கறுப்புத் திராட்சை. “நாளைவரை என்னால் பொறுக்க முடியாது” என்றாள். எங்கிருந்துதான் படித்தாளோ, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, “அட்வான்ஸ்!” என்றாள்.

எனக்குத் திக்கென்றது. ஐயோ, முன்னாடியே சொல்கிறாளே, நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நான் நினைக்கும் முன்பே என் விரல் முட்டி மர மேசையை மூன்று தடவை தட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பிரிகிட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு கையை மேசையிலிருந்து எடுக்காமலே, மறு கையால் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.