நாற்பது படங்கள், நான்கு மில்லிமீட்டர்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், பதினெட்டு வருடமாக ஒரு பெண்மணி மனிதர்களைக் குறுக்கே வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கத்தியெல்லாம் கிடையாது, ஸ்கேன் படங்கள்தான். கூட வேலை செய்பவர்களுக்கு அவர் ரொட்டி அக்கா. அந்தப் பெயரை அவரே வலியப் போய் வாங்கிக்கொண்டார். கல்லீரல் மாற்று அறுவைக்கு முன்னால், கொடுப்பவரின் கல்லீரல் எத்தனை பெரியது என்று வெளியே எடுக்காமலே சொல்ல வேண்டும். அது எப்படி முடியும் என்று யார் கேட்டாலும், "ரொட்டியத் துண்டு போட்டுக்கோங்க. ஒவ்வொரு துண்டோட பரப்பையும் தடிமனால பெருக்கிக் கூட்டிட்டே வாங்க. முழு ரொட்டியும் வந்துடும்" என்பார்.

மகள் கல்லூரிக்குப் போன பிறகுதான் இதற்குப் பெரிய பெயர் உண்டென்று தெரிந்தது. அவளுடைய கணக்குப் புத்தகத்தில் வளைந்து நீண்ட ஒரு குறியைப் போட்டு, குறுக்குவெட்டுப் பரப்பைத் தொகையிட்டால் கனஅளவு வரும் என்று எழுதியிருந்தது. "இதுக்கா இவ்வளவு அலட்டல்? நான் தினமும் செய்யறதுதானே" என்றார் அம்மா. "உன் துண்டு தடிமன்மா. எங்களோடது காகிதத்தவிட மெல்லிசு" என்றாள் மகள். பக்கத்தில் இருந்த கணவர், "உங்கம்மா கண்ணுக்கு ஒரு மனுஷனும் முழுசாத் தெரியமாட்டான்" என்று தன் பங்குக்குச் சொல்லிவைத்தார்.

வேலையில் அக்கா சரியான பிடிவாதக்காரி. ஒவ்வொரு படத்திலும் கல்லீரலின் விளிம்பைக் கையாலேயே வரைவார். மேலிருந்து கீழே ஒரு தடவை கூட்டுவார், மறுநாள் கீழிருந்து மேலே இன்னொரு தடவை. இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து.

அந்த வாரம் வந்த கோப்பும் அப்படித்தான் ஒத்துப்போனது. ஒரு பெண் தன் தம்பிக்குக் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கிறார். தம்பியின் எடை எழுபது கிலோ. கிலோவுக்கு எட்டு கிராமாவது வேண்டும் என்பது கணக்கு, ஆக ஐந்நூற்று அறுபது. எடுக்கப்போகும் பகுதி அறுநூற்று ஐம்பது வந்தது. தாராளம். வியாழக்கிழமை அறுவை என்று முடிவானது.

செவ்வாய்க்கிழமை மதியம், கையில் கோப்போடு ஒரு பெண் அறை வாசலில் நின்றார். "மேடம், மயக்க டாக்டர் ரூம் எதுங்க?"

ரொட்டி அக்கா வழி சொல்ல வாயெடுத்தார். கோப்பின் எண் கண்ணில் பட்டது. அந்தக் கல்லீரலின் நாற்பது படங்களும் அவருக்கு மனப்பாடம், ஆளை இப்போதுதான் பார்க்கிறார். பார்த்தால் சின்ன உருவம். வாசலோரக் கவுன்ட்டரின் விளிம்பே அவர் தோள் உயரத்துக்கு இருந்தது. நாற்பது படம், ஐந்து மில்லிமீட்டர், இருபது சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு சாண். ஒரு சாண் கல்லீரல் இந்த உடம்பில் எங்கே இருக்கும்?

வழி சொல்லி அனுப்பிவிட்டு ஓடிப்போய் படங்களைத் திறந்தார். அவற்றை எடுத்தது புதிதாக வந்த ஸ்கேன் கருவி. பழைய கருவியில் படத்தின் தடிமனும் ஐந்து, ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரமும் ஐந்து. புதியது தடிமன் ஐந்தில் எடுத்தாலும், நான்கு மில்லிமீட்டருக்கு ஒரு படம் எடுக்கிறது. ஒவ்வொரு துண்டும் அடுத்ததன் மேல் ஒரு மில்லிமீட்டர் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நான்கால் பெருக்க வேண்டியதை அவர் ஐந்தால் பெருக்கிவிட்டார். மேலிருந்து கூட்டினாலும் கீழிருந்து கூட்டினாலும் அதே தப்புதான் வரும். சரியான விடை ஐந்நூற்று இருபது. தம்பிக்குப் பத்தாது.

பதினெட்டு வருடப் பெருமை அத்தனையும் அந்த நாற்காலியில் கூனிக்குறுகி உட்கார்ந்தது. ஐந்து நிமிடம் கழித்து எழுந்து, மாடியேறி அறுவை மருத்துவரிடம் போனார். "தப்பு என்னோடது சார்" என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார். மருத்துவர் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை சொல்லாம இன்னிக்கு சொன்னீங்களே" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணிடம் தானே சொல்வதாக அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். மயக்க டாக்டர் அறைக்கு வெளியே நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"எங்கிட்ட என்னங்க குறை?"

"உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா. உங்க உடம்புக்கு அது சரியான அளவு. தம்பி உடம்புக்குத்தான் பத்தல. தப்பாக் கணக்குப் போட்டது நான்."

அந்தப் பெண் கையிலிருந்த கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "நான் பத்தலன்னா எங்க அண்ணனத்தான் கேக்கணும். அம்மா போனப்பகூட வரல அவரு. ஏழு வருஷமாப் பேச்சே இல்ல. அவர்கிட்டப் போய் நிக்கக்கூடாதுன்னுதான் நானே முன்ன வந்தேன்."



அந்தப் பெண் அண்ணிக்குத்தான் போன் செய்தாராம். அடுத்த திங்கட்கிழமை நெடுநெடுவென்று ஒருவர் வந்து ஸ்கேனில் படுத்தார். நாற்பத்தைந்து படங்கள். ரொட்டி அக்கா முதலில் தூரத்தைப் பார்த்தார், நான்கு என்று தாளின் தலையில் பெரிதாக எழுதினார், அப்புறம்தான் விளிம்பு வரைய உட்கார்ந்தார். எடுக்கப்போகும் பகுதி எழுநூற்று இருபது. மறுநாள் கீழிருந்தும் அதே. எடுத்தது போக மிச்சமும் அவருக்குப் போதும். மருத்துவர் சரி பார்த்துத் தலையசைத்ததும், சேதி சொல்ல அக்கா தானே போனார்.

அண்ணன் இந்தக் கோடி நாற்காலியில், தங்கை அந்தக் கோடி நாற்காலியில். நடுவில் நாலு நாற்காலி காலி. ஆளுக்கொரு பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்துமா?" என்றார் தங்கை, எழுந்திருக்காமலே.

"தாராளமாப் பத்தும்மா. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

அண்ணன் கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். தங்கை அவர் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"சாப்ட்டியாண்ணா?"