எதிர்த்தரப்புக்கு ஓர் ஆள்

வைகையில் தண்ணீர் வற்றிய மாதங்களில்தான் நானும் அவனும் அதிகம் பேசினோம். சிம்மக்கல் பக்கம் மணலில் இறங்கி, ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பவர்களைத் தாண்டிப் போய், வெயில் தாழ எதிரெதிரே உட்காருவோம். அவன் பழைய மகாலுக்குள் நடந்த கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். நான் பசுமலையில் வாத்தியார். கல்லூரி விவாத மன்றத்தில் ஒட்டிக்கொண்ட வழக்கம் எங்களுக்கு: ஒருவன் சர்க்கார் தரப்பு, ஒருவன் எதிர்த்தரப்பு. பாதியில் தரப்பை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கோடையில், சீனியர் தொட விரும்பாத வழக்கொன்று அவன் கைக்கு வந்தது. ஒரு மில் தொழிலாளி, ஒரு பூ வியாபாரி. இருவரும் ஆண்கள். ஓர் அறையில் கூடியிருந்தார்கள் என்பது குற்றம். ஆயுள் முழுக்க உள்ளே வைக்கச் சட்டத்தில் இடமிருந்தது.

சட்டமே தப்பு என்று வாதாடு என்றேன். யார் பொருளை எடுத்தார்கள், யாரை அடித்தார்கள், யார் வந்து அழுதார்கள் என்று கேள். அவன் மணலை அள்ளி அள்ளி வழியவிட்டான்.

“கேக்க நல்லாத்தான் இருக்கு மாப்ள. உனக்கென்னய்யா இதுல இம்புட்டு அக்கறைன்னு ஜட்ஜு கேப்பாரே, அதுக்கு என்ன சொல்ல?”

“உள்ளதச் சொல்லு.”

“சொன்னா மூணாவதா என்னைய நிப்பாட்டுவாங்க. நாலாவதா நீ. ஜாமீனுக்குக்கூட ஆளு மிஞ்சாது.”

சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் அவன் காலை நீட்டினான். அவன் பாதம் என் பாதத்தின்மேல் பட்டபடியே இருந்தது, விளக்கு வைக்கும் நேரம் வரை. அன்று தரப்பை மாற்ற இருவருக்கும் தோன்றவில்லை.

அவன் வழியில்தான் வழக்கு போயிற்று. நேரில் கண்ட சாட்சி இல்லை. ஒருவரையொருவர் அறியாதவர்கள், கோடை மழைக்கு ஒதுங்கியவர்கள் என்றான். விடுதலை. பருத்த தூண் ஒன்றின் ஓரம் நின்று பார்த்தேன். வெளியே வந்த இருவரும் அறியாதவர்களாகவே நடக்க வேண்டியிருந்தது. வாசலில் போலீஸ்காரர் நின்றார். மில் தொழிலாளி தெற்கே போனார். பூ வியாபாரி வடக்கே போய், திருப்பத்தில் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து, வெகுநேரம் நிமிரவில்லை.

“ஜெயிச்சுட்டேன்ல” என்றான் அவன், என்னைப் பார்க்காமல். தெருவில் இறங்கியதும் எதிர் ஓரத்துக்குப் போய் நடந்தான். பிறகு, வாரேன் என்று சொல்லிவிட்டு வராத சாயங்காலங்கள். பிறகு திருநெல்வேலியில் கல்யாணம், அங்கேயே தொழில்.

சட்டம் அப்படியே இருக்கிறது. எனக்கு நரைத்துவிட்டது. சாட்சியைப் பற்றியே பேசாத ஒரு வாதம் என்னிடம் முழுசாக இருக்கிறது. அறிந்தவர்கள்தான், நன்றாக அறிந்தவர்கள் என்று தொடங்குவேன். இன்றும் மணலில் உட்கார்ந்து சொல்லிப் பார்க்கிறேன். மறுத்துப் பேச ஆளில்லாமல் பாதியில் நின்றுபோகிறது.

வரட்டும் அவன். சர்க்கார் தரப்பையே பேசட்டும். பாதியில் மாற்றிக்கொள்ளலாம்.