ஸ்டாப் பட்டனும் ஸ்தோத்திரமும்

ஆறாவது மாடி உயரத்தில், லிஃப்ட் கேபினின் கூரைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறான். அவன்தான் மெக்கானிக். அவன்தான் நான். லிஃப்ட் ரிப்பேர் என்பது பாதி ஸ்பேனர் பிடிக்கிற வேலை, பாதி கூரைமேல் நிற்கிற வேலை. இந்த இரண்டாவது பாதியை வேலைக்குச் சேரும்போது யாரும் சொல்லவில்லை. பியூசியை, அதாவது பிளஸ் டூவை, பாதியில் விட்டுவிட்டு வந்தவனிடம் யார் எதைச் சொல்லப்போகிறார்கள்? பல்லி, பரீட்சை ரிசல்ட், ஸ்கேன் ரிப்போர்ட் என்று எதற்காவது பயப்படுகிறவர்தான் நீங்களும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தைரியசாலிகள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

யார் அமுக்குவது?

சுற்றிலும் இருட்டுச் சுவர். நடுவில் கிரீஸ் பூசின கம்பிக் கயிறுகள். கூரை ஓரத்தில் ஒரு சந்து இருக்கிறது, அதில் எட்டிப் பார்த்தால் அடி தெரியாது. அடி தெரிந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது. குறுக்கே போகும் இரும்பைக் கட்டிக்கொண்டு "இயேசுவே, இயேசுவே" என்று முனகிக்கொண்டிருந்தேன்.

மஞ்சண்ணா என் டீம் லீடர். கன்னடக்காரர், எல்லாரையும் "குரு" என்றுதான் கூப்பிடுவார், திட்டுவது மட்டும் தமிழில். அடுத்த மாதத்திலிருந்து நான் தனியாகக் கூரை ஏற வேண்டும், முடியாவிட்டால் வேலை கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார். கூரையில் கால் வைப்பதற்கு முன்னால், வாசலில் நின்றபடியே கையை நீட்டிச் சிவப்பு ஸ்டாப் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டால் எந்த மாடியில் யார் லிஃப்டைக் கூப்பிட்டாலும் கேபின் நகராது. நானோ வாசலில் நின்று கண்ணை மூடி ஜெபம் செய்தேன், ஆமென் சொன்னேன், ஏறிவிட்டேன். பட்டன் ஞாபகமே இல்லை. மஞ்சண்ணா டார்ச் அடித்துப் பார்த்தார், பாய்ந்து வந்து அமுக்கினார். அவருக்கே மூச்சு வாங்கியது. "குரு, உன் சாமியைக் கூப்பிட்டே, சரி. ஸ்டாப்பை யாரு அமுக்குவாங்க, அவரா?"

எண்ணெய்

எங்கள் வீடு பெங்களூரு பிரேசர் டவுனில், ஒரு சந்துக்குள். அம்மா நம்புகிற மாதிரி எனக்கு நம்ப வராது. தண்ணி லாரி வராது என்று தெருவே குடத்தோடு அலையும். அம்மா மட்டும் "வரும்" என்று சொல்லிவிட்டு, இருக்கிற கொஞ்சம் தண்ணியில் அரிசி களைய ஆரம்பித்துவிடுவாள். பல நாள் வந்தும் இருக்கிறது, அதுதான் கடுப்பு. வராத நாளிலும் அவள் முகம் மாறாது, அது இன்னும் கடுப்பு. கூரையில் நடந்ததைச் சொன்னேன். "சின்னப் பிள்ளை மாதிரி அவர் கையில விட்டுருடா" என்றாள். எப்படி விடுவது என்று கேட்டால் அதற்கும் "விட்டுரு" என்பதுதான் பதில்.

மறுநாள் நான் குளிக்கப் போன நேரத்தில், சபையிலிருந்து ஜெபம் பண்ணி வாங்கி வந்த எண்ணெயை என் சேஃப்டி பெல்ட்டிலும் கையுறையிலும் நன்றாகத் தடவி, பையில் மடித்து வைத்துவிட்டாள். எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பார்த்து, லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் ஏணி வைத்து இறங்குகிற வேலை. பாதி ஏணியில் வலது கை சர்ரென்று வழுக்கியது. இடது கை எப்படியோ பிடித்துக்கொண்டது. தொங்கியபடி நான் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார். மேலே ஏறி வந்ததும் மஞ்சண்ணா கையுறையைக் கழற்றி வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மோந்தும் பார்த்தார். "இது கிளவுஸா, மிளகாய் பஜ்ஜியா?"

ஆமென் குரூப்

பக்கத்துத் தெரு அபார்ட்மென்டில் ஓர் ஆன்ட்டி மாட்டிக்கொண்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஷாஃப்டுக்குள்ளிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. கிறிஸ்தவப் பாட்டுதான், எனக்கும் தெரிந்த பாட்டுதான். ஆனால் இருட்டுக்குள்ளிருந்து வந்தால் நல்ல பாட்டுக்கும் மயிர்க்கூச்செறிகிறது. கதவைத் திறந்தால் ஆன்ட்டி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு சிரிக்கிறார்! வெளியே நின்ற எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

ஒரு மணி நேரமாக உள்ளே இருந்தாராம். எங்களைக் கூப்பிட்டது வாட்ச்மேன், அதுவும் பாட்டுச் சத்தம் கேட்ட பிறகு. "ஆன்ட்டி, லிஃப்டுக்குள்ளேயே எங்க நம்பர் ஒட்டியிருக்கே, நீங்க ஏன் போன் பண்ணல?" என்று கேட்டேன். என்னை விசித்திரமாகப் பார்த்தார். "போன் எதுக்குப்பா? சபை குரூப்ல போட்டேனே, எல்லாரும் ஆமென் போட்டுட்டாங்களே!"

குதித்தவள்

அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு பழைய கட்டடம். நல்ல மழை, கரண்ட் போய், இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஆறு வயசுக் குழந்தை, தனியாக. அப்பா செருப்பு மாட்டுவதற்குள் கதவு மூடிக்கொண்டதாம். அவர் வாசலில் நின்று தேம்பிக்கொண்டிருந்தார். பிரேக்கைக் கையால் தளர்த்திக் கேபினை மெல்ல இறக்குவதற்காக மஞ்சண்ணா மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஓடினார். குழந்தைக்குக் காற்று வரட்டும் என்று நான் கதவுகளைத் திறந்தேன். கேபினின் தரை என் நெஞ்சு உயரத்தில் நின்றது. அதற்குக் கீழே ஷாஃப்ட் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. வெளியே குதிக்கிறவர்கள் தடுமாறிப் பின்னால் சாய்ந்தால் அந்த ஓட்டைக்குள்தான் போவார்கள்.

"பாப்பா, பின்னாடி போய் உக்காரு. நான் சொல்ற வரைக்கும் வரக்கூடாது" என்றேன். என் முதுகுப் பக்கமிருந்து அவள் அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே "அம்மு" என்றார். அவ்வளவுதான். அவள் ஓட்டையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்க்கவில்லை, குதித்துவிட்டாள். எப்படிப் பிடித்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. அவளைக் கட்டிக்கொண்டு அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டேன். பல் தந்தியடித்தது. அவள் என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். "குதிச்சது நானு. நீங்க ஏன் அங்கிள் ஆடறீங்க?"

தனியாக

எனக்குப் பதினெட்டு வயசு, அங்கிளாம். அது போகட்டும். இந்தக் கதையைக் கேட்டதும் அம்மா "பாத்தியா, அப்படித்தான் விடணும்" என்றாள். அந்தக் குழந்தைக்கு ஓட்டை தெரியாதும்மா, எனக்குத் தெரியுமே, தெரிந்தவன் எப்படிக் குழந்தையாவது என்று கேட்டேன். அம்மா அரிசி களையப் போய்விட்டாள். அடுத்த மாதமும் வந்துவிட்டது.

தனியாகப் போனேன். வாசலைத் திறந்தேன், ஸ்டாப்பை அமுக்கினேன், பெல்ட்டை மாட்டினேன். கால் நகரவில்லை. வேலையை விட்டுவிட்டுக் கீழே ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பெரியவர்கள் மாதிரி "பயத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே" என்று ஜெபித்து ஜெபித்து அலுத்துப்போயிருந்தது. சின்ன வயசில் கரண்ட் போனால் கத்துகிற மாதிரி வாய்விட்டே சொன்னேன்: இயேசப்பா, பயமா இருக்கு, போயிடாதீங்க, இங்கயே இருங்க. கால் போனது. கதவு மோட்டாரின் பெல்ட்டை மாற்றி முடிக்கிறவரை வாய் ஓயவில்லை. இப்போது ஸ்க்ரூவைக் கழற்றுகிறேன், இப்போது அந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பயம் ஒரு நூல்கூடக் குறையவில்லை. ஆனால் வேலை முடிந்தது. கையெழுத்து வாங்கப் போனபோது வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒருத்தன்தானே மேலே போனே? யாருகூடப்பா அவ்வளவு நேரம் பேசிட்டிருந்தே?"

சாட்சி

அம்மா இதைப் போதகர் காதில் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சபையில், ஆண்டவர் செய்ததை எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார். நல்ல மனுஷர். குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ஆண்டவர் பயத்தை எடுத்துட்டார்னு சொல்லு தம்பி. கேக்குறவங்களுக்கு விசுவாசம் வரும்." அம்மா முன்வரிசையில் கர்ச்சீப்போடு தயாராக இருந்தாள்.

நான் சொன்னது இதுதான்: கூரைமேல தனியா ஏறினேன், ரொம்ப பயமா இருந்துச்சு, இயேசப்பாகிட்ட சொல்லிக்கிட்டே முடிச்சேன், நாளைக்கும் ஏறணும், இப்பவே பயமா இருக்கு. சொல்லிவிட்டு நின்றேன். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா கர்ச்சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில், நான் பேசியே பழகாத ஓர் ஆள், உட்கார்ந்தபடியே வாயைத் திறந்தார். "எனக்கும்தான் தம்பி. நாளைக்கு எனக்கு ஆபரேஷன்."

பயம் போய்விட்டது என்று சொல்லச் சொன்னார்கள், நான் சொல்லவில்லை, திங்கட்கிழமை காலையில் எனக்கு முன்னால் வேலைக்கு வந்து நிற்கிறதே அது!