ரிங்கிட் இருபத்திரண்டு ஆகட்டும்

"ரூபாய் மதிப்பு கடும் சரிவு" என்று டிவியில் ஒருவர், துக்க வீட்டுக்கு வந்தவர் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் பக்கத்து வீட்டு சபீரா ஒரு கிண்ணம் பிரியாணியோடு வந்து நின்றாள்.

"என்ன சபீரா, விசேஷமா?"

"ரூவா வுழுந்துருச்சுல்லக்கா... அதான்."

நான் குடியிருப்பது லப்பைக்குடிக்காட்டில். பாதி வீடுகளின் சம்பளம் கடல் தாண்டி வருகிற ஊர். மற்ற ஊர்களில் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பார்கள். இங்கே செல்போனைப் பார்ப்பார்கள் — அன்றைய ரேட். ரூபாய் கீழே போனால் எங்கள் தெரு கொஞ்சம் மேலே வரும். இதில் தேசபக்தியை எந்தப் பக்கம் வைப்பது? பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம் என்று ஒத்திவைத்தேன்.

சபீராவின் கணவர் நஜீர் மலேசியாவில், ஈப்போவில், பரோட்டா மாஸ்டர். அவர் சம்பாதிப்பது ரிங்கிட். அவள் செலவழிப்பது ரூபாய். நடுவில் ஒரு கடல், ஒரு கல்யாணம், இருபது வருஷத்துக்கு மேல்.

இந்த இரண்டு நாணயங்களின் வரலாற்றை விவரம் தெரிந்தவர்கள் வரைபடமாகப் போடுவார்கள். சபீரா அதைக் கட்டிடமாகவே எழுப்பி வைத்திருக்கிறாள். ஹால் — ரிங்கிட் பத்தொன்பது ரூபாயைத் தொட்ட வருஷம் கட்டியது. கிரானைட் தரை, முகம் பார்க்கலாம், வழுக்கியும் விழலாம். சமையலறை — அதற்குப் பிறகு ரிங்கிட் பதினைந்து, பதினாறு என்று படுத்துக்கொண்ட காலத்தில். ஒருவர் உள்ளே போக வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும்.

"ஏன் சபீரா இவ்ளோ ஒடுக்கமா கட்டுன?"

"நானாக்கா கட்டுனேன்? அது ஒடுங்குச்சு, இதுவும் ஒடுங்கிருச்சு."

குளியலறைக்குக் கதவு வந்தது ரிங்கிட் பதினேழைத் தொட்டபோது. அதுவரை பழைய சேலை ஒன்று தொங்கியதாம். வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு சின்ன ஏற்றம்... இங்கே ஒரு பெண்ணின் நிம்மதி.

இப்போது கட்டுவது முன்பக்க அறை. மகளுக்கு நிக்காஹ் பேசியாயிற்று. மாப்பிள்ளை வந்தால் தங்க வேண்டுமே. சுவர் எழும்பி, சென்ட்ரிங் அடித்து, கம்பியும் கட்டியாயிற்று. கான்கிரீட் போடத்தான் பணம் வரவில்லை. நஜீரிடம் இல்லையா? இருக்கிறது. ரிங்கிட் இருபத்தொன்றரையில் நின்றது. இருபத்திரண்டு ஆகட்டும் என்று காத்திருந்தார். எப்போதோ அவசரப்பட்டு அனுப்பி, மறுநாளே ரேட் எகிறியதாம். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை, கழுவிய கிண்ணத்தைக் கொடுக்கப் போனேன். வாசலில் மேஸ்திரி, சபீராவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மேகத்தப் பாருங்கம்மா. நாளைக்குப் போடலன்னா மிக்ஸர் மெஷின அரியலூர் வேலைக்கு ஏத்தி வுட்டுருவேன். அப்பறம் பொங்கல் கழிச்சுதான்."

"நிக்காஹே அதுக்கு முன்னாடிங்க."

"அப்ப மாப்ளைக்கு ஒரு குடை வாங்கி வச்சிருங்க."

வெள்ளாற்றுப் பக்கமிருந்து மேகம் எருமைக் கூட்டம் போல, அவசரமே இல்லாமல் நடந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு எந்த நாட்டு ரேட்டும் தெரியாது.

சபீரா வீடியோ காலில் கணவரைப் பிடித்தாள்.

"என்னங்க, மேஸ்திரி கெளம்புறேங்கிறாரு."

"இன்னும் அம்பது காசு புள்ள. திங்கக்கெழம ஏறிரும்."

"திங்கக்கெழம எறங்கப் போவுதாம்."

"யாரு சொன்னா?"

"பக்கத்து வூட்டு அக்கா. பத்திரிகைல எழுதுறவங்க. தோ, இங்கதான் நிக்கிறாங்க." போன் என் கைக்கு வந்துவிட்டது.

அந்நியச் செலாவணி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அதைப் பிழையில்லாமல் எழுத முடியும் என்பது மட்டும்தான்.

"அக்கா, நெசமாவா?" நஜீரின் முகத்தில் மாவு. என் எதிரே சபீராவின் முகத்தில் மகளின் கல்யாணம்.

"எதுவும் ஏறிக்கிட்டேவா தம்பி இருக்கும்?" என்றேன்.

ஒரு பொதுவான உண்மை. அடுப்பில் பொங்குகிற பாலுக்கும் பொருந்தும். அவர் அதை ரிங்கிட்டுக்கு எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பணம் வந்துவிட்டது.

சனிக்கிழமை மிக்ஸர் மெஷின் தெருவையே மென்று துப்பியது. சாயங்காலம் கான்கிரீட் முடிந்தது. திங்கட்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ரிங்கிட்டும் இருபத்திரண்டைத் தாண்டியது.

ஈப்போவிலிருந்து போன். "அக்காகிட்ட குடு."

வாங்கினேன்.

"பத்திரிகைல எழுதுறவங்க சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேங்க்கா."

"நான் கவிதை மாதிரிதான் தம்பி எழுதுவேன்."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா?"

சபீரா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு புது அறைக்குள் போனாள். முட்டுக்கம்புகளுக்கு நடுவே குனிந்து நின்று, ஜன்னல் சந்து வழியாகப் போனை மழைப்பக்கம் நீட்டினாள். லப்பைக்குடிக்காட்டு மழை ஈப்போவில் ஒரு பரோட்டாக் கல் பக்கத்தில் பெய்தது. ஊர் மழையைக் கேட்டு அவருக்கு எத்தனை வருஷமோ...

"ஒழுவுதா?"

"ஒரு சொட்டு இல்ல."

"சரி. கதவுக்கு அளவெடுத்து அனுப்பு."

"அதுக்கும் ரேட்டு பாப்பீங்களா?"

"பாக்காம?"

சிரிக்கலாம். ஆனால் நாம் மட்டும் என்ன? ஆளுக்கு ஒன்றை, இருபத்திரண்டு ஆகட்டும் என்று வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நல்ல நாள் வரட்டும் என்று நான் பீரோவில் வைத்திருந்த பட்டுப்புடவை, கட்டாமலே மடிப்பில் கிழிந்தது. காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த ரேட்டை எந்தச் செல்போனும் காட்டுவதில்லை.

நான் இறங்கும் என்ற ரிங்கிட் ஏறிவிட்ட செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. நேற்று எதிர்வீட்டுக்காரர் வந்தார். மகன் துபாயில்.

"திர்ஹம் எறங்கும்னு உங்க வாயால ஒருதரம் சொல்லுங்கம்மா... போதும்."