ஆடாத லாரிக்கு வந்த இந்தோனேசியா கமெண்ட்

நாமக்கல்லில் லாரிக்கு அடியில் பாரம் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "இந்தோனேசியாக்காரன் கமெண்ட் போட்டது நெசமாங்க?" என்பதுதான். நிஜம்தான். சொல்கிறேன்.

1. பட்டையைக் கழட்டச் சொன்ன ஆள்

குமரவேல் சொந்த லாரியில் கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டுகிறவன். லாரி வீடியோ போட ஒரு சேனலும் வைத்திருக்கிறான். ஒரு நாள் காலை, நான் டீயை வாயில் வைப்பதற்குள் செல்போனை மூக்குக்கு நேராக நீட்டினான். இந்தோனேசியா லாரி ஒன்று கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்துக்கொண்டு, பாட்டுக்கு ஏற்றபடி இடமும் வலமும் ஆடி வந்தது. ரோட்டோரப் பிள்ளைகள் கத்திக்கொண்டே படம் பிடித்தார்கள்.

"மேஸ்திரி, நம்ம வண்டியும் இப்படி ஆடோணுமுங்க. பின்னாடி ரெண்டு பட்டையக் கழட்டி உடுங்க."

"நாளைக்கு முட்டை ஏத்தற வண்டி சாமி. பட்டையக் கழட்டுனா வளைவுல படுத்துக்கும். முட்டையோட நீயும் போயிருவ."

"நீங்க மாட்டீங்கன்னா அடுத்த பட்டறையில கழட்டிக்கறனுங்க."

சுருக்கென்று கோபம் வந்தது. அவன் உயிர்மேல் அக்கறை ஒரு பக்கம். நான் கட்டிய பட்டையை இன்னொருத்தன் கழட்டுவதா என்ற வீம்பு இன்னொரு பக்கம். எனக்கு வீம்பு கொஞ்சம் ஜாஸ்தி. போனைப் பிடுங்கி அதே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முன் சக்கரத்தைக் கவனித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆட்டம் ஸ்பிரிங்கிலிருந்து வரவில்லை. டிரைவர்தான் ஸ்டியரிங்கை வேண்டுமென்றே இப்படியும் அப்படியும் ஒடிக்கிறான்.

2. வீட்டு முட்டை

வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த முட்டையை ட்ரேயோடு அவனுடைய காலி லாரியில் அடுக்கினேன். பட்டறைக்குப் பின்னால் பொட்டல் காடு.

"ஸ்டியரிங்க ஒடிச்சு ஆட்டு பாக்கலாம்" என்றேன்.

லாரி ஜோராக ஆடியது. இறங்கி வந்து பின்கதவைத் திறந்தான். அடுக்கு சரிந்து மஞ்சள் கரு ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஒரு பட்டையக்கூடக் கழட்டலியே, எப்படி ஆடுச்சு?" என்று கேட்டேன்.

"ஸ்டியரிங்குலதானுங்க இருக்குது" என்று தலையைச் சொறிந்தான்.

"ஆட்டறதுக்கு எவன் வேணாலும் வருவான். ஆடாம கொண்டுபோய்ச் சேக்கறதுக்குத்தான் உன்னையக் கூப்படறாங்க. அதைப் படம் புடிச்சுப் போடு போ."

மறுநாள் லோடு ஏற்றியதும் மேல் ட்ரேக்கு நேராகப் போனைக் கட்டிவிட்டு, கோழிப்பண்ணை வாசல் ஸ்பீட் பிரேக்கரில் வண்டியை ஏற்றி இறக்கினான். ஒரு முட்டைகூட உடையவில்லை. "நாமக்கல் லாரி ஆடாது" என்று தலைப்புக் கொடுத்து, அந்த ஆடும் லாரி சேனலுக்கே லிங்கை அனுப்பிவிட்டான்.

அடுத்த வாரம் பட்டறைக்கு ஓடி வந்தான். அந்த ஊர் டிரைவர் ஒருவர் அவருடைய பாஷையில் எழுதியதைப் போன் தமிழில் மாற்றிக் காட்டியது: "ஸ்பிரிங் கட்டியவர் யார்? அவர் கையைக் காட்டு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் லாரியின் பெயிண்டை, லைட்டை, ஹாரனைக் கேட்டவர்கள் உண்டு. அடியில் கிடக்கிற பட்டையைக் கட்டியது யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கடல் தாண்டி ஒருத்தர் கேட்டுவிட்டார்.

பட்டறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்தவன் வீடியோவைத் தாராளமாகப் பாருங்கள், ஆட்டத்தைப் பார்க்கும்போது சக்கரத்தையும் பாருங்கள்.

"கையக் கழுவிட்டு வாங்க மேஸ்திரி, படம் புடிச்சுப் போடலாம்" என்றான் குமரவேல்.

நான் கழுவவில்லை. கிரீஸோடுதான் காட்டினேன்.